சூயஸில் வென்றது எது?

1956 நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை. அன்று காலை பிரிட்டிஷ் அமைச்சரவை லண்டனில் கூடியபோது போர்முனையிலிருந்து நல்ல செய்திகளே வந்துகொண்டிருந்தன. முந்தின நாள் வான்குடைப் படையினர் எகிப்தின் போர்ட் சயீதில் இறங்கியிருந்தார்கள். அன்று விடிகாலை கடல்வழிப் படையும் கரையேறிவிட்டது. எகிப்திய விமானப்படையின் பெரும்பகுதி தரையில் நின்றபடியே அழிந்திருந்தது. இன்னும் சில நாள் பொறுத்தால் சூயஸ் கால்வாய் முழுவதும் பிரிட்டன், பிரான்ஸ் கைக்கு வந்துவிடும் என்பது தளபதிகளின் கணக்கு. நிதியமைச்சர் ஹரால்டு மேக்மில்லன் கொண்டுவந்த கணக்கு வேறு. பவுண்டை எல்லோரும் விற்கிறார்கள், கையிருப்பில் உள்ள டாலர் கரைகிறது, அமெரிக்கா கைகொடுக்க மறுக்கிறது என்றார் அவர். அன்று நள்ளிரவோடு போர் நின்றது. முன்னேறிக்கொண்டிருந்த படை, போர்ட் சயீதுக்குத் தெற்கே சுமார் 37 கிலோமீட்டரில், எல்-காப் என்ற இடத்தில் அப்படியே நிறுத்தப்பட்டது. எதிரி தோற்கடித்து நின்ற படை அல்ல அது.

நாடுகளின் பலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை வகை பிரித்துப் பேசுவது வழக்கம். படையும் பொருளாதாரத் தடையும் வன்பலம். பண்பாடு, கொள்கை, நன்மதிப்பு ஆகியவற்றால் மற்றவரைத் தன் பக்கம் ஈர்ப்பது மென்பலம். இந்தப் பிரிவினையை 1990இல் பரவலாக்கியவர் அமெரிக்க அறிஞர் ஜோசப் நை. பிரிவினை பயனுள்ளதுதான். ஆனால் அதைப் படிக்கிறவர் மனத்தில் ஒரு பிழையான எண்ணமும் தங்கிவிடுகிறது: பலம் என்பது ஒரு நாட்டின் கையிருப்பு, இத்தனை டாங்கி, இத்தனை டாலர், இத்தனை திரைப்படம் என்று எண்ணிவிடலாம் என்ற எண்ணம். அதைச் சோதித்துப் பார்க்க 1956இன் சூயஸ் நெருக்கடியைவிடத் தெளிவான நிகழ்வு கிடைப்பது அரிது. கடனுதவி, சட்டம், தொழில்திறன், இரகசிய ஒப்பந்தம், குண்டு, வானொலி, ஐ.நா. வாக்கு, நாணயம், எண்ணெய், அணு மிரட்டல் என்று அத்தனையும் அங்கே ஐந்து மாதத்துக்குள் ஒன்றோடொன்று மோதின.

முதலில் களமிறங்கியது பணம். நைல் நதியின் குறுக்கே அஸ்வானில் பெரிய அணை கட்டுவது எகிப்து அதிபர் கமால் அப்துல் நாசரின் கனவு. அமெரிக்கா 5.6 கோடி டாலரும் பிரிட்டன் 1.4 கோடி டாலரும் உலக வங்கி 20 கோடி டாலரும் தருவதாகப் பேச்சு. செக்கோஸ்லோவாக்கியா வழியாகச் சோவியத் ஆயுதங்களை வாங்கியும், கம்யூனிஸ்ட் சீனாவை அங்கீகரித்தும் நாசர் வாஷிங்டனின் பொறுமையைச் சோதித்திருந்தார். 1956 ஜூலை 19 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், எகிப்தியத் தூதரை அழைத்துக் கடன் இல்லை என்று சொல்லிவிட்டார். யூகோஸ்லாவியாவின் பிரியோனி தீவில் அந்நாட்டு அதிபர் டிட்டோவையும் நேருவையும் சந்தித்துவிட்டு நாசர் கெய்ரோ திரும்பிக்கொண்டிருந்த நேரம் அது. நேருவும் அதே விமானத்தில் இருந்தார்.

உதவியை நிறுத்தினால் நாசர் பணிவார் என்பது டல்லஸின் எதிர்பார்ப்பு. வேறு வருமானத்துக்கு வழி இல்லாதவன்தான் அப்படிப் பணிவான். எகிப்துக்கு வழி இருந்தது, அதன் மண்ணிலேயே இருந்தது. கால்வாயை வெட்டியது எகிப்திய உழைப்பு. 1869இல் திறந்தபோது அதில் எகிப்துக்குக் கணிசமான பங்கும் இருந்தது. கடனில் மூழ்கிய எகிப்திய ஆட்சியாளர் இஸ்மாயில் பாஷா 1875இல் அந்தப் பங்கைச் சுமார் 40 லட்சம் பவுண்டுக்குப் பிரிட்டனிடம் விற்றார். ஏழே ஆண்டில் பிரிட்டிஷ் படை எகிப்தில் இறங்கியது. அந்தப் படையின் கடைசிப் பிரிவு கால்வாய்ப் பகுதியைவிட்டு வெளியேறியது 1956 ஜூனில்தான். கடன் எப்படி ஆக்கிரமிப்பாக மாறும் என்பதை எகிப்தியர்கள் பாடநூலில் படிக்கத் தேவையில்லாமல் இருந்தது.

ஜூலை 26 மாலை அலெக்சாந்திரியாவில் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் நாசர் பேசினார். வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. பேச்சின் நடுவே, கால்வாயை அமைத்த பிரெஞ்சுக்காரரான லெசெப்ஸின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அது வரலாறு. கால்வாய்க் கரை நகரான இஸ்மாயிலியாவில் வானொலியருகே காத்திருந்த பொறியாளர் மஹ்மூத் யூனிஸின் குழுவுக்கு அது சமிக்ஞை. பேச்சு முடிவதற்குள் கால்வாய் நிறுவனத்தின் அலுவலகங்கள் அவர்கள் வசம் வந்துவிட்டன. பங்குதாரர்களுக்குப் பாரிஸ் பங்குச்சந்தையின் கடைசி விலைப்படி இழப்பீடு தரப்படும் என்றும் நாசர் அறிவித்தார். அந்த ஒரு வாக்கியம் முக்கியமானது. ஒரு நாடு தன் எல்லைக்குள் இருக்கும் நிறுவனத்தை இழப்பீடு கொடுத்து நாட்டுடைமை ஆக்குவதைத் திருட்டு என்று நிரூபிப்பது கடினம். எகிப்து இஸ்ரேலியக் கப்பல்களைக் கால்வாயில் விடாமல் தடுத்துவந்தது உண்மை. எல்லோருக்கும் கால்வாய் திறந்திருக்க வேண்டும் என்ற 1888 உடன்படிக்கையின்படி அது கேள்விக்குரியதும்கூட. ஆனால் லண்டனின் கோபம் அதைப் பற்றியதாக இருக்கவில்லை.

ஆகஸ்டில் லண்டனில் 22 நாடுகள் கூடின. கால்வாயைப் பன்னாட்டு அமைப்பு ஒன்று நிர்வகிக்க வேண்டும் என்ற திட்டத்தை 18 நாடுகள் ஏற்றன. எகிப்தின் உரிமையை மதித்து, பயன்படுத்தும் நாடுகளுக்கு ஆலோசனைப் பங்கு மட்டும் தரலாம் என்று இந்தியாவின் கிருஷ்ண மேனன் மாற்றுத் திட்டம் வைத்தார். இலங்கை, இந்தோனேசியா, சோவியத் யூனியன் ஆகியவை அவர் பக்கம் நின்றன. எகிப்தியர்களால் கால்வாயை நடத்த முடியாது என்பது அந்த நாட்களில் ஐரோப்பா முழுக்கச் சொல்லப்பட்ட வாதம்.

அந்த வாதத்துக்குப் பதில் சொன்னவர்கள் பைலட்டுகள். சூயஸ் குறுகலான நீர்வழி. பெரிய கப்பல் அதில் போகும்போது தான் தள்ளும் தண்ணீரே அதன் பின்புறத்தைக் கரைப் பக்கம் இழுக்கும். வேகம் சற்றுக் கூடினாலும் கப்பல் திரும்பிக் கரையில் மோதும். எதிரெதிரே கடக்க இடம் போதாததால் கப்பல்கள் வரிசை கட்டித்தான் போக வேண்டும். ஆகவே ஒவ்வொரு கப்பலிலும் கால்வாயை நன்கறிந்த பைலட் ஏறி, மாலுமித் தலைவனின் பக்கத்தில் நின்று வழி சொல்வார். இஸ்மாயிலியாவில் அவர் இறங்க, அடுத்தவர் ஏறுவார். அவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர். செப்டம்பர் நடுவில் பழைய நிறுவனத்தின் தூண்டுதலால் அவர்கள் ஒரே நாளில் வேலையைவிட்டு விலகினார்கள். கால்வாய் அடைபடும், உலகம் எகிப்தைச் சபிக்கும் என்பது எதிர்பார்ப்பு. எகிப்தியப் பைலட்டுகளும் கிரேக்கர்களும் மற்ற நாடுகளிலிருந்து அவசரமாக வந்து சேர்ந்தவர்களும் ஓய்வில்லாமல் முறை மாற்றி நின்று கப்பல்களைக் கடத்தினார்கள். வரிசை நிற்கவில்லை. தொழில்திறனும் ஒரு பலம் என்று எந்த அட்டவணையிலும் எழுதுவதில்லை. அந்த வாரத்தில் எகிப்துக்குக் கைகொடுத்த பலம் அதுதான். அதன் பிறகு பிரிட்டனிடமும் பிரான்சிடமும் மிஞ்சியிருந்த காரணம் ஒன்றே ஒன்று: நாசரை வீழ்த்த வேண்டும்.

அதற்கான சாக்கைப் பாரிசுக்கு அருகே செவ்ரேயில் ஒரு வீட்டுக்குள் உருவாக்கினார்கள். அக்டோபர் 22 முதல் 24 வரை பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் பிரதிநிதிகள் இரகசியமாகப் பேசினார்கள். இஸ்ரேல் சினாயில் படையெடுக்கும். பிரிட்டனும் பிரான்சும் சண்டையை விலக்குவதற்காக என்று சொல்லி இடையில் நுழையும். இஸ்ரேலுக்குத் தன் கப்பல்கள் தடுக்கப்படுவதிலும் எல்லை தாண்டிய தாக்குதல்களிலும் சொந்தக் குறை இருந்தது. நடுவர் வேடம் போட்டவர்களுக்கு அதுகூட இல்லை. பிரிட்டிஷ் பிரதமர் அந்தோனி ஈடன், கையெழுத்தான ஆவணத்தின் பிரதிகளை அழித்துவிட ஆளனுப்பினார். இஸ்ரேலின் பிரதி அதற்குள் புறப்பட்டுவிட்டது. அக்டோபர் 29 அன்று இஸ்ரேலிய வீரர்கள் மிட்லா கணவாய் அருகே குதித்தார்கள். மறுநாள் வந்த இறுதி எச்சரிக்கை, இரு தரப்பும் கால்வாயிலிருந்து பத்து மைல் விலக வேண்டும் என்றது. இஸ்ரேலியப் படை அப்போது கால்வாயை நெருங்கியிருக்கவே இல்லை. ஆக, எகிப்து தன் சொந்த மண்ணில் பின்வாங்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

மால்டாவிலிருந்து கிளம்பிய கப்பற்படை போர்ட் சயீது வந்து சேர ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளில் மற்ற பலங்கள் வேலை செய்யத் தொடங்கின. ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்தைப் பிரிட்டனும் பிரான்சும் வீட்டோவால் தடுத்ததும் விவகாரம் பொதுச்சபைக்குப் போனது. நவம்பர் 2 அன்று போரை நிறுத்தச் சொல்லும் தீர்மானம் 64க்கு 5 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்த ஐந்தில் மூன்று நாடுகள் போரில் இருந்தவை; மற்றவை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். அதே நாளில் பிரிட்டிஷ் விமானங்கள் கெய்ரோ வானொலியின் ஒலிபரப்புக் கோபுரங்களைத் தகர்த்தன. ‘அரபுகளின் குரல்’ என்ற அந்த நிலையத்தின் நிகழ்ச்சிகள் மூன்றாண்டுகளாக அரபு நாடுகளின் காப்பிக்கடைகளில் ஒலித்துவந்தன. குரல் அடங்கிய சிறிது நேரத்தில் சிரியாவின் தலைநகர் வானொலி, டமாஸ்கஸிலிருந்து பேசுவது கெய்ரோ என்று அறிவித்து ஒலிபரப்பைத் தொடர்ந்தது. சைப்ரஸில் அரபு மொழி நிலையம் ஒன்றைப் பிரிட்டன் தன் பிரச்சாரத்துக்காக எடுத்துக்கொண்டபோது, அங்கே வேலை செய்த அரபு ஊழியர்கள் வெளியேறினார்கள். கோபுரத்தைக் குண்டுபோட்டு உடைக்கலாம். கேட்கிறவர் யாரை நம்புகிறார் என்பதைக் குண்டு தீர்மானிக்கவில்லை.

சிரியாவில் எண்ணெய்க் குழாய் நிலையங்கள் தகர்க்கப்பட்டன. எகிப்து பழைய கப்பல்களைக் கால்வாயில் மூழ்கடித்து வழியை அடைத்தது. சவூதி அரேபியா பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் எண்ணெய் தர மறுத்தது. கால்வாயைக் காப்பாற்றுவதற்காக என்று சொல்லித் தொடங்கிய போர், கால்வாயை மூடியது. மேற்கு ஐரோப்பாவுக்கு மிஞ்சியிருந்த வழி அமெரிக்க எண்ணெய். படைகள் வெளியேறும் உறுதி கிடைக்கும்வரை அதிபர் ஐசன்ஹோவர் அதைத் திறக்கவில்லை. டிசம்பரில் பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது.

பவுண்டுதான் பிரிட்டனின் மிகப் பலவீனமான இடம். ஒரு பவுண்டுக்கு 2.80 டாலர் என்ற விலையைக் காப்பது அன்றைய பிரிட்டிஷ் அரசின் மானப் பிரச்சினை. அது வெறும் தீவுநாட்டு நாணயமும் அல்ல. இந்தியா, இலங்கை, மலாயா என்று பல நாடுகள் தங்கள் சேமிப்பை லண்டனில் பவுண்டாக வைத்திருந்தன; மலாயா ரப்பர் ஈட்டிய டாலர் அந்தப் பொதுக் கையிருப்பைத் தாங்கி நின்றது. விலை சரிந்தால் பேரரசின் மிச்சமும் சரியும். நவம்பர் மாதத்தில் மட்டும் 27.9 கோடி டாலர் கையிருப்பிலிருந்து வெளியேறியது. பன்னாட்டு நிதியத்திடம் கடன் கேட்கலாம். அங்கே அமெரிக்காவின் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது. முதலில் படை விலக வேண்டும் என்றது வாஷிங்டன். ஐசன்ஹோவர் வாய்திறக்க மாட்டார் என்று தொடக்கத்தில் சகாக்களுக்கு உறுதி சொன்னவர் மேக்மில்லன்தான். நவம்பர் 6 கூட்டத்தையொட்டி அவர் இழப்பைப் பெரிதாக்கிச் சொன்னார் என்று பின்னாளில் வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். டிசம்பர் 3 அன்று பிரிட்டன் படைவிலகலை அறிவித்தது. ஒரே வாரத்தில், டிசம்பர் 10 அன்று, 130 கோடி டாலர் உதவிக்கு நிதியம் சம்மதித்தது. ஜனவரியில் ஈடன் பதவி விலகினார். அடுத்த பிரதமர் மேக்மில்லன்.

இத்தனைக்கும் அமெரிக்கா ஒரு சிப்பாயைக்கூட அனுப்பவில்லை. சோவியத் பிரதமர் புல்கானின் நவம்பர் 5 அன்று ராக்கெட்டுகளைச் சுட்டிக்காட்டிக் கடிதம் அனுப்பியிருந்தார். அந்த மிரட்டலே போரை நிறுத்தியது என்று கெய்ரோவில் பலர் நம்பினார்கள். ராக்கெட் வருமா என்பது லண்டனில் விவாதத்துக்குரிய விஷயம். டாலர் கரைவது அன்றாடம் பேரேட்டில் தெரிந்த விஷயம்.

இதே கதையை உலக மனசாட்சியின் வெற்றியாகச் சொல்லிப் பெருமைப்படலாம். அப்படிச் சொல்ல விடாமல் தடுப்பது புடாபெஸ்ட். போர்ட் சயீதில் வான்குடைகள் இறங்கியதற்கு முதல்நாள், நவம்பர் 4 அன்று, சோவியத் டாங்கிகள் ஹங்கேரியின் தலைநகரில் நுழைந்தன. அதே பொதுச்சபை அன்றே கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. டாங்கிகள் நிற்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தார்கள், சுமார் இரண்டு லட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடினார்கள். ஹங்கேரி பற்றிய தீர்மானம் ஒன்றை இந்தியா எதிர்த்தே வாக்களித்தது. சூயஸில் உரக்கப் பேசிய குரல் புடாபெஸ்டில் தயங்கியது இந்தியாவின் நன்மதிப்புக்கு நேர்ந்த காயம், அதை மறைப்பதில் பயனில்லை.

ஒரே வாரம், ஒரே சபை, ஒரே வகைத் தீர்மானம். ஒரு தலைநகரில் பலித்தது, இன்னொன்றில் பலிக்கவில்லை. மாஸ்கோவுக்கு நிதியத்தில் கடன் தேவையில்லை. அதன் எண்ணெய் சூயஸ் வழியே வரவில்லை. அதன் நாணயத்தை வெளியில் யாரும் விற்றுச் சரிக்க முடியாது. மாஸ்கோவின் சதுக்கத்தில் எதிர்க்கட்சி கூட்டம் போட முடியாது. லண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்தில் நவம்பர் 4 அன்று போருக்கு எதிராகப் பெருங்கூட்டம் கூடியது. அமெரிக்காவின் பலம் அதன் கஜானாவில் மட்டும் இருக்கவில்லை. பிரிட்டனின் தேவையில் இருந்தது. எகிப்தை மடக்க முடியாத அதே டாலர், நெருங்கிய நண்பனை ஒரு மாதத்தில் மடக்கியது. யார் யாரிடம் எதற்காகக் கையேந்தி நிற்கிறார்கள் என்று பார்க்காமல் பலத்தை அளக்க முடியாது என்று சூயஸ் காட்டுகிறது.

படை விலக ஒரு கௌரவமான வாசல் வேண்டியிருந்தது. கனடா வெளியுறவு அமைச்சர் லெஸ்டர் பியர்சனின் யோசனைப்படி ஐ.நா. அவசரப் படை உருவானது. நீலத் தொப்பி தைக்க நேரமில்லாமல், அமெரிக்கத் தலைக்கவசங்களின் உள்ளோடுகளுக்கு நீலச் சாயம் அடித்தார்கள். கனடா அனுப்ப நினைத்த படைப்பிரிவின் பெயர் ‘மகாராணியின் சொந்தத் துப்பாக்கி வீரர்கள்’. சீருடையும் பிரிட்டிஷ் சாயல். நேற்றுவரை குண்டு போட்டவர்களின் தோற்றத்தில் காவலர்கள் வருவதை நாசர் மறுத்தார். இந்திய வீரர்கள் போனார்கள். அந்தப் படையின் அடிப்படை எகிப்தின் சம்மதம் ஒன்றே. 1967 மே மாதம் நாசர் சம்மதத்தைத் திரும்பப் பெற்றதும் படை கிளம்ப வேண்டியதாயிற்று. அது முற்றிலும் வெளியேறுவதற்குள் இஸ்ரேலுடன் ஜூன் போர் மூண்டு, காசாவில் இருந்த இந்திய வீரர்கள் சிலர் கொல்லப்பட்டார்கள்.

வென்றவரும் தன் வெற்றியைச் சரியாகப் படித்தாரா என்பது ஐயம். 1956இல் நாசர் களத்தில் தோற்றார். வேறு நாடுகளின் அழுத்தம் அவருக்குக் கால்வாயைக் காத்துத் தந்தது. 1967இல் அந்தத் துணைவலி இல்லை. விமானப்படை மறுபடியும் தரையிலேயே அழிந்தது. ‘அரபுகளின் குரல்’ அறிவிப்பாளர் அகமத் சயீது, எதிரி விமானங்கள் விழுந்துகொண்டே இருப்பதாக அறிவித்துக்கொண்டிருந்தார். சில நாளில் உண்மை தெரிந்தபோது, பதினான்கு ஆண்டுகளாகச் சேர்ந்த நம்பிக்கை போய்விட்டது. கால்வாய் எட்டு ஆண்டு மூடிக் கிடந்தது.

தோற்றவர்களும் ஒரே பாடத்தைக் கற்கவில்லை. இனி அமெரிக்காவை மீறிப் போவதில்லை என்று பிரிட்டன் முடிவெடுத்தது. இனி அமெரிக்காவை நம்புவதில்லை என்று பிரான்ஸ் முடிவெடுத்தது; 1957 மார்ச்சில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை உருவாக்கிய ரோம் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது, 1960இல் சொந்த அணுகுண்டை வெடித்தது. இலங்கையின் பண்டாரநாயக்க அரசு, திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்க விமானத் தளத்தையும் அதே 1957இல் பிரிட்டனிடமிருந்து தன் வசம் பெற்றது.

இந்தியாவுக்கான பாடம் கொஞ்சம் தாமதமாக வந்தது. அமெரிக்கக் கோதுமையை ரூபாய்க்கு வாங்கும் பி.எல்.480 ஒப்பந்தத்தில் இந்தியா முதன்முதலில் கையெழுத்திட்டது 1956 ஆகஸ்டில், கிருஷ்ண மேனன் லண்டனில் வாதாடிய அதே மாதத்தில். அடுத்தடுத்து மழை பொய்த்த 1965, 1966 ஆண்டுகளில் கப்பல் வந்தால்தான் ரேஷன் கடையில் கோதுமை என்ற நிலை. இந்திய விவசாயக் கொள்கை மாற வேண்டும் என்றும், வியட்நாம் போரைப் பற்றி டெல்லி பேசுவது பிடிக்கவில்லை என்றும் நினைத்த அமெரிக்க அதிபர் ஜான்சன், கப்பல்களை மொத்தமாக அனுமதிக்காமல் மாதக் கணக்கில் இழுத்துப் பிடித்துக் கொடுத்தார். உணவமைச்சர் சி. சுப்பிரமணியம் அதற்குத் தந்த பதிலில் வீராவேசம் இல்லை. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரக கோதுமை விதை வந்து இறங்கியது. அந்த விதைப்பு பரவிய வேகத்தில் அடுத்த சில ஆண்டுகளில் வாஷிங்டனின் பிடி தளர்ந்தது.

இந்தப் பாடம் அண்மையிலும் திரும்பி வந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது படையெடுத்த ரஷ்யாவின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கின. போர் நிற்கவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்த மத்திய வங்கிகள் 2022 முதல் 2024 வரை ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. 1991இல் செலாவணி வற்றியபோது சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அடகு அனுப்பிய இந்திய ரிசர்வ் வங்கி, 2024இல் இங்கிலாந்தில் வைத்திருந்ததில் சுமார் 100 டன்னை நாட்டுக்குள் கொண்டுவந்தது. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இன்றும் வெளியிலிருந்தே வாங்குகிறது. உரத்துக்கும் மின்னணுச் சில்லுக்கும் மற்றவர் கையை எதிர்பார்க்கிறது. நாட்டின் வலிமையைப் பற்றித் தொலைக்காட்சியில் நடக்கும் விவாதங்கள் ஏவுகணையின் தூரத்தையும் உலகத் தலைவர்களின் வரவேற்பையும் பேசுகின்றன. இந்த இறக்குமதிப் பட்டியலையும் அதே மேசையில் வைத்து, ஒவ்வொன்றையும் யார், எந்த நாளில் நிறுத்த முடியும் என்று கேட்பதற்கு இன்னும் ஆள் குறைவு.